உப்பைக் குறைச்சாச்சு, ஈறைப் பாத்தாச்சா?

ராமநாதபுரம் மாவட்டம் மாரியூர்ப் பக்கம் ஒருத்தருக்குப் பிரஷர்னு தெரிஞ்சா போதும், அன்னைக்கு ராத்திரிக்குள்ள ஊரே வைத்தியராயிடும். உப்பைக் குறை. கருவாட்டைத் தொடாதே. ஊறுகாய் ஜாடியை மேல பரண்ல ஏத்து. கஞ்சிக்கு உப்புப் போடாமக் குடி. (குடிச்சுப் பாத்தவங்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.) சொல்றவங்க மேல குறை சொல்ல முடியாது, கண்ணைத் திறந்தா உப்பு தெரியுற ஊரு அது. 1974ல அரசு தமிழ்நாடு உப்புக் கழகத்தை ஆரம்பிச்சுச்சு. மாரியூர், வாலிநோக்கம் கரையில ஐயாயிரம் ஏக்கருக்கு மேல நிலம் அதுக்குன்னே இருக்கு. கிணறு தோண்டினாலும் பாதி இடத்துல கரிக்கும். பக்கத்து நரிப்பையூர்ல கடல்தண்ணியையே குடிதண்ணியா மாத்துற ஆலை போட்டுப் பாத்தாங்கன்னா நிலைமையைப் புரிஞ்சுக்கலாம். அப்படி ஒரு கரையில உக்காந்துக்கிட்டு ரத்தக்கொதிப்புக்குக் காரணம் தேடுறவங்க உப்பைத் தாண்டி யோசிக்க மாட்டாங்க. எனக்கு எரிச்சலே அங்கதான். உப்பு காரணமில்லன்னு நான் சொல்ல வரலை. அதோட நிறுத்திக்கிறாங்களே, அதுதான் பிரச்சினை. காலையில பல்லு விளக்கித் துப்பும்போது எச்சில்ல கோடு கோடா ரத்தம் வருதே, அதை "சூடு"ன்னு சொல்லி ஒரு இளநியோட முடிச்சிடுறாங்க. அந்த ரத்தத்துக்கும் பிரஷர் மிஷின்ல வர்ற நம்பருக்கும் தொடர்பு இருக்குன்னு பத்து, பதினஞ்சு வருஷமா ஆதாரம் சேந்துக்கிட்டே வருது. இந்தப் பதிவுல நான் சொல்லப்போறது ஒரே விஷயம்தான்: மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவங்களுக்கு டோஸைக் கூட்டுற அதே நாள்ல, வாயையும் திறக்கச் சொல்லிப் பாக்கணும்.

எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம மாநிலத்துக் கணக்கைப் பாருங்க. 2020ல தமிழ்நாட்டுல எடுத்த பெரிய கணக்கெடுப்புல, பெரியவங்கள்ல 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்துச்சு. மூணுல ஒருத்தர். அந்த மூணுல ஒருத்தர்ல எத்தனை பேருக்கு அது கட்டுக்குள்ள இருந்துச்சுன்னா, வெறும் 7.3 சதவீதம். அதுக்கப்புறம் 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துச்சு, உப்பளத்துக்கும் கடலுக்கும் போறவங்க ஒருநாள் கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கவேண்டிய அவசியம் குறைஞ்சுச்சு. அடுத்த கணக்கெடுப்புல கட்டுக்குள்ள இருக்கறவங்க 17 சதவீதமா ஏறினாங்க. நல்ல திட்டம், உலக அளவுல விருது வாங்குனதுக்குத் தகுதியானதுதான். ஆனா மிச்சம் 83? அதுல தனக்கு பிரஷர் இருக்கறதே தெரியாதவங்க பெரும்பகுதி. "தலை சுத்தினாத்தானே மாத்திரை"ன்னு இருக்கறவங்க இன்னொரு பகுதி. இவங்களையெல்லாம் கழிச்சுட்டா, ஒழுங்கா மாத்திரை போட்டு, உப்பையும் குறைச்சு, அப்பவும் 150, 160ன்னு நிக்கிற ஒரு கூட்டம் மிச்சமிருக்கும். டாக்டர் இவங்களைத்தான் சந்தேகமாப் பாப்பாரு. "ஒழுங்காப் போடுறியா?"ன்னு மூணு தடவை கேப்பாரு. (போட்டவனுக்கே அப்புறம் சந்தேகம் வந்துடும்.) நான் பேசுறது இவங்களைப் பத்தி.

முதல்ல ஈறு நோய்னா என்னன்னு நேராச் சொல்லிடுறேன். பல்லையும் ஈறையும் ஒட்டின விளிம்புல தினமும் ஒரு வழவழப்பான படலம் படியும், முழுக்கக் கிருமி. விளக்கி எடுக்கலைன்னா எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச் சத்து சேந்து அது கல்லு மாதிரி இறுகிப்போகும், அதுதான் காரை. ஈறு அதை எதிர்த்துச் சிவந்து வீங்கும், தொட்டா ரத்தம் வரும். இந்தக் கட்டத்துல சரிபண்ணிட்டா பழையபடி ஆயிடும். விட்டா ஈறு பல்லை விட்டு விலகி உள்ள பை மாதிரி பள்ளம் விழும், பல்லைத் தாங்குற எலும்பு கரையும், கடைசியில பல்லு ஆடும். கண்மாய்க் கரையில நண்டு வளை போடுற மாதிரிதான். மேல பாத்தா கரை நல்லாத்தான் இருக்கும், உள்ள அரிச்சுக்கிட்டே போகும். பெரும்பாலும் வலியே இருக்காது, அதனாலதான் யாரும் கண்டுக்கறதில்ல. உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி, முத்தின ஈறு நோய் இருக்கறவங்க உலகத்துல 100 கோடிக்கு மேல. அந்தப் பள்ளத்தோட உட்புறத் தோல் புண்ணாத்தான் இருக்கும். எல்லாப் பல்லையும் சுத்தி இருக்கற அந்தப் புண்ணைக் கூட்டிப் பாத்தா 8லிருந்து 20 சதுர சென்டிமீட்டர் வரைக்கும் வரும்னு கணக்குப் போட்டிருக்காங்க. அந்த அளவுப் புண்ணு முழங்கையில இருந்தா கட்டுப் போட ஓடுவோம், வாய்க்குள்ள இருக்குன்னா வருஷக்கணக்கா வச்சுக்கிட்டுச் சோறு திங்கறோம்.

இதுக்கும் பிரஷருக்கும் எங்க முடிச்சு விழுது? புண்ணு வழியாக் கிருமியும் அதோட கழிவும் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கலக்குது. மெல்லும்போது கலக்கும், பல்லு விளக்கும்போதும் கலக்கும். உடம்பு சும்மா இருக்காது, அழற்சிப் பொருட்களைச் சுரந்துக்கிட்டே இருக்கும். ரத்தக்குழாயோட உள்சுவர்ல ஒரு மெல்லிய படலம் இருக்கு. அதுதான் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விடுறது. நாள்பட்ட அழற்சி அந்தப் படலத்தைக் கெடுக்கும். தளர வேண்டிய குழாய் தளராது. குழாய் விறைச்சா அழுத்தம் ஏறும். இது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கேக்க நல்லா இருக்கற விளக்கமெல்லாம் உண்மையாயிடாது, மருத்துவத்துல அப்படி அழகா விளக்கி அப்புறம் பொய்யாப்போன கதை நிறைய உண்டு. அதனால ஆதாரத்துக்கு வருவோம்.

நான் மேல சொன்ன கூட்டத்தை, அதாவது மாத்திரை போட்டும் இறங்காதவங்களை, நேராத் தொட்ட ஆய்வு 2018ல வந்துச்சு. இத்தாலியில லா அக்விலா பல்கலைக்கழகத்து பியெத்ரோபாவோலி குழு, அமெரிக்க அரசு எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பை எடுத்துக்கிட்டு, பிரஷருக்கு மாத்திரை சாப்புடுற 3,600 பேருக்கு மேல அலசுனாங்க. ஈறு நல்லா இருந்தவங்களோட ஒப்பிட்டா, ஈறு நோய் இருந்தவங்களுக்கு மேல் அழுத்தம் ரெண்டு மூணு புள்ளி கூடவே நின்னுச்சு, இலக்கு அளவுக்கு இறங்குற வாய்ப்பும் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவா இருந்துச்சு. அடுத்த வருஷம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஏவா முன்யோஸ் அகிலேராவும் பிரான்செஸ்கோ டி'ஆயுட்டோவும் சேந்து, 26 நாட்டுல நடந்த 81 ஆய்வை ஒண்ணாத் தொகுத்தாங்க. நடுத்தர, கடுமையான ஈறு நோய் இருக்கறவங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கற வாய்ப்பு 22 சதவீதம் கூடுதல், கடுமையான நோய்க்கு மட்டும் எடுத்தா 49 சதவீதம் கூடுதல். சராசரியா மேல் அழுத்தம் 4.5 புள்ளி, கீழ் அழுத்தம் 2 புள்ளி கூட. "வெறும் நாலரைப் புள்ளியா, இதுக்கா இவ்வளவு பேச்சு?"ன்னு கேப்பீங்க. 2021ல லான்செட் இதழ்ல வந்த பெரிய தொகுப்பு ஒண்ணு இருக்கு: மாத்திரையால மேல் அழுத்தம் 5 புள்ளி இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய ஆபத்து பத்துல ஒரு பங்கு குறையுது. அஞ்சு புள்ளிங்கறது ஒரு ஆளுக்குச் சின்னதாத் தெரியும், ஒரு ஊருக்குப் பெருசு.

இப்ப வர்ற மறுப்பு நியாயமானது, அதை நழுவிட்டுப் போக மாட்டேன். ஈறு கெட்டவங்க யாரு? பீடி குடிக்கறவங்க, வெத்தலை புகையிலை போடுறவங்க, சுகர் இருக்கறவங்க, வயசானவங்க, கையில காசில்லாதவங்க. பிரஷர் ஏறுனவங்க யாரு? கிட்டத்தட்ட அதே ஆளுங்க. அப்ப ஈறு பிரஷரை ஏத்துதா, இல்ல பீடிதான் ரெண்டையும் கெடுக்குதா? இது ஒண்ணோட ஒண்ணு கூடிவர்றதை ஒண்ணால ஒண்ணு வந்துச்சுன்னு தப்பா எடுத்துக்கறது இல்லையா? அமெரிக்க இதய சங்கமே 2012ல இதைத்தான் சொல்லுச்சு: ஈறு நோய்க்கும் இதய ரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு இருக்கு, மத்த காரணங்களைக் கழிச்சாலும் இருக்கு, ஆனா இதுனாலதான் அதுன்னு நிரூபணம் இல்ல. சரியான எச்சரிக்கைதான். (இன்னொரு சிக்கலும் உண்டு. புகை, ஈறோட சின்ன ரத்தக்குழாயைச் சுருக்கிடும். அதனால பீடி குடிக்கறவங்களுக்கு ஈறு நோய் முத்தியிருந்தாலும் ரத்தம் கம்மியாத்தான் வரும். "எனக்கு ரத்தமே வரலையே"ன்னு அவங்க நிம்மதியா இருக்கறதுல அர்த்தமில்ல.)

கூடிவர்றதா, காரணமான்னு பிரிச்சுப் பாக்க ஒரே நல்ல வழி, ஒண்ணை மாத்திப்புட்டு மத்தது மாறுதான்னு பாக்கறது. அதைச் செஞ்ச ஆய்வுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 2007ல வந்தது. டொனெட்டி, டி'ஆயுட்டோ குழு லண்டன்ல செஞ்சது. கடுமையான ஈறு நோய் இருந்த 120 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பகுதிக்கு மேலாக்கச் சுத்தம், இன்னொரு பகுதிக்கு ஈறுக்கு உள்ள வரைக்கும் ஒரே மூச்சுல ஆழமான சுத்தம். அப்புறம் கையில இருக்கற ரத்தக்குழாய் எவ்வளவு தளருதுன்னு அளந்தாங்க. ஆழமாச் சுத்தம் பண்ணின மறுநாள் குழாய் தளர்றது மோசமாச்சு! உள்ள இருந்த கிருமியைக் கிளறிவிட்டதுல ரத்தத்துல அழற்சி ஏறிடுச்சு. ஆனா ரெண்டு மாசத்துல நிலைமை திரும்புச்சு. ஆறு மாசத்துல, மேலாக்கச் சுத்தம் பண்ணினவங்களை விட இவங்களோட ரத்தக்குழாய் தெளிவா நல்லாத் தளர்ந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. ஈறைக் கிளறினா குழாய் கெடுது, ஈறு ஆறினா குழாய் தேறுது. பீடியோ, வறுமையோ, வயசோ அந்த ஆறு மாசத்துல ஒரு பக்கத்துக்கு மட்டும் மாறலை. வாய்க்குள்ள நடக்கறது கைக்குழாய் வரைக்கும் எட்டுதுங்கறதுக்கு இதை விட நேரடியான சாட்சி எனக்குத் தெரியலை.

சரி, அது குழாய். பிரஷர்? 2017ல சீனாவுல, பிரஷர் எல்லைக்கோட்டுல நின்ன, மாத்திரை எதுவும் ஆரம்பிக்காத 107 பேருக்கு இதே மாதிரி ரெண்டு விதமாச் செஞ்சு பாத்தாங்க. ஆழமாச் சுத்தம் பண்ணினவங்களுக்கு ஆறு மாசத்துல மேல் அழுத்தம் மத்தவங்களை விட 12 புள்ளிக்கு மேல குறைவு. 2019ல போலந்துல கிராக்கோவ் நகரத்துல 101 பிரஷர் நோயாளிங்களை வச்சு, தோமாஷ் குசிக் குழு ஒரு சோதனை நடத்துச்சு. ரெண்டு மாசத்துல 11 புள்ளி வித்தியாசம். மாத்திரை ஒண்ணு கூடப் போட்டா எவ்வளவு இறங்குமோ ஏறக்குறைய அவ்வளவு. அதே ஆய்வுல இன்னொரு வேலையும் பண்ணினாங்க: ஏறக்குறைய ஏழரை லட்சம் பேரோட மரபணுத் தகவலை எடுத்து, பிறப்புலயே ஈறு நோய்க்குச் சாய்வா அமைஞ்சவங்களுக்கு பிரஷர் கூடவான்னு பாத்தாங்க. கூடத்தான் இருந்துச்சு. மரபணு பீடி குடிக்காது, வெத்தலை போடாது. அதனால மேல சொன்ன மறுப்புக்கு இது ஒரு சுத்துவழிப் பதில்.

இங்க நிறுத்திட்டு "பாத்தீங்களா, நிரூபிச்சாச்சு"ன்னு நான் சொன்னா அது ஏமாத்து வேலை. லண்டன் தொகுப்புலயே, ஈறுக்கு வைத்தியம் பண்ணி பிரஷரை அளந்த சோதனைகள் 12 இருந்துச்சு. அதுல 5லதான் பிரஷர் இறங்குச்சு. மிச்ச 7ல குறிப்பிடும்படியா ஒண்ணும் நடக்கலை. 101 பேரு, 107 பேருங்கறதெல்லாம் மருந்து ஆய்வு உலகத்துல சின்ன எண்ணிக்கை. சின்ன ஆய்வுல பெரிய பலன் வந்தா சந்தேகப்படணும்ங்கறது பழகின பாடம். 11 புள்ளிங்கறது எல்லாருக்கும் கிடைக்கும்னு நான் நம்பலை. ஆனா இந்தக் கலப்படமான முடிவை வச்சு "அப்ப வேணாம்"னு முடிக்கறவங்க ஒரு இடத்துல சறுக்குறாங்க. ஈறு வைத்தியம் பிரஷர் மாத்திரைக்குப் போட்டியா நின்னா, அப்ப உறுதியான ஆதாரம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஏன்னா காத்திருக்கற நேரத்துல ஒருத்தன் மாத்திரையை விட்டுட்டுப் பல்லைத் தேச்சுக்கிட்டு உக்காந்தா பக்கவாதத்துல போய் முடியும். ஆனா இங்க யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலை. கெட்ட ஈறுக்கு வைத்தியம் பாக்கறதுக்குப் பிரஷர் ஒரு சாக்குகூடத் தேவையில்ல. பல்லு நிக்கறதுக்காகவே பாக்கணும். சுகர் இருக்கறவங்களுக்கு ஈறைச் சரிபண்ணினா சுகர் கட்டுப்பாடும் கொஞ்சம் தேறுதுங்கறது இதை விட உறுதியா நிறுவப்பட்ட விஷயம். ஆக, பிரஷர் இறங்கலைன்னாக்கூட இழப்புன்னு ஒண்ணு இல்ல. இறங்கினா லாபம். இப்படி இருக்கற ஒரு வேலைக்கு ஆதாரத்தோட அளவுகோலை எவ்வளவு உசரத்துல வைக்கணும்? என் கணக்குல, இப்ப இருக்கற ஆதாரமே போதும்.

மாரியூர்க்காரங்க அடுத்து கேப்பாங்க: "எல்லாம் சரி, ஆனா எங்க ஊர்ல உப்புதானய்யா பிரச்சினை?" ஆமா. அதுவும் தட்டுல விழுற உப்பு மட்டுமில்ல. ஜோத்பூர் பாலைவன மருத்துவ ஆய்வு மையத்துக்காரங்க 2005ல ராஜஸ்தான் உப்புத் தொழிலாளிங்களைப் பத்தி ஒண்ணு எழுதினாங்க. உப்பு அரைக்கற மில்லுக்குப் பக்கத்துல வேலை பாக்கறவங்களுக்கு, தள்ளி உப்புநீர்ல நிக்கறவங்களை விட பிரஷர் கூட இருந்துச்சு. காத்துல பறக்குற உப்புத் தூசி மூக்கு வழியா, வாய் வழியா உள்ள போகுது. முகத்துக்கு மறைப்பும் கண்ணாடியும் குடுத்துப் பாத்தாங்க, சில நாள்லயே பிரஷர் இறங்குச்சு. இதை வாலிநோக்கம் பக்கம் மூட்டை கட்டுறவங்க, அரைக்கறவங்க எல்லாருக்கும் ஒருதடவை சத்தமாப் படிச்சுக் காட்டணும். ஒரு துணி முகமூடி என்ன விலை? தட்டுக்கு வந்தா, 2021ல வந்த சீன ஆய்வு இருக்கு: 600 கிராமம், ஏறக்குறைய 21,000 பேரு, அஞ்சு வருஷம். சாதா உப்புக்குப் பதிலா கால்பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைக் குடுத்தாங்க. பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சுச்சு. நம்ம உப்புக் கழகமே 2014ல அம்மா உப்புன்னு மூணு வகை விட்டப்ப, அதுல ஒண்ணு சோடியம் குறைச்ச உப்புதான். (விலை கூடங்கறதால கல் உப்பு வாங்குற கை அதைத் தொடலை. உப்பு விளையுற ஊர்ல உப்புக்குக் கூடக் காசு குடுன்னா யாரு குடுப்பா?) சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க, பொட்டாசியம் ஏத்துற மாத்திரை சாப்புடுறவங்க மட்டும் இந்த உப்பை டாக்டரைக் கேக்காமத் தொடக்கூடாது. இதெல்லாம் ஈறுக்கு எதிரான வாதமா? இல்ல. உப்பால 8 புள்ளி ஏறினவங்களுக்கு ஈறால 4 புள்ளி ஏறக்கூடாதுன்னு ஒரு சட்டமும் கிடையாது. உப்பு அதிகமுள்ள ஊர்லதான் மத்த நாலு புள்ளியைக் குறைக்கறது இன்னும் அவசியம், ஏன்னா அங்க பிரஷர் ஏற்கனவே கரையைத் தொட்டு நிக்குது.

உப்போட தொட்டுக்கிட்டு ஒரு சந்தேகமும் வரும்: ஈறு வீங்கினா உப்புத் தண்ணி கொப்பளிக்கறோமே, பிரஷர்காரங்க அதைச் செய்யலாமா? தாராளமாச் செய்யலாம், துப்பிடுறோமே! முழுங்காத வரைக்கும் அந்த உப்பு பெருசா உடம்புல சேராது. வீக்கத்துக்கும் கொஞ்சம் இதம். ஆனா அது காரையை எடுக்காது. கல்லு உப்பை எடுத்துப் பல்லுல பரபரன்னு தேய்க்கறவங்க, சாம்பல், செங்கல் பொடின்னு போறவங்க, பல்லோட மேல்பூச்சையும் ஈறையும் சேத்து உரிச்சுக்கிட்டு இருக்காங்க. இங்கிட்டு மெடிக்கல்ல நிறம் நிறமா விக்குற கிருமிநாசினி மவுத்வாஷ் பக்கமும் கண்ணை மூடிக்கிட்டுப் போயிடாதீங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நாக்குல இருக்கற சில கிருமிங்க நமக்குக் கூலியில்லாம வேலை பாக்குதுங்க: கீரையில, பீட்ரூட்ல இருக்கற நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தித் தருதுங்க, உடம்பு அதுல இருந்து நைட்ரிக் ஆக்சைடு பண்ணிக்கும், மேல சொன்ன அதே குழாய் தளர்த்துற வாயு. 2013ல லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்துல அம்ரிதா அலுவாலியா குழு, ஆரோக்கியமான 19 பேருக்கு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் ஒரு வாரம் குடுத்துப் பாத்துச்சு. எச்சில்ல நைட்ரைட் 90 சதவீதம் விழுந்துச்சு, பிரஷர் ரெண்டுலிருந்து மூணரைப் புள்ளி ஏறுச்சு. பல் டாக்டர் ஈறு வைத்தியத்துக்கு ரெண்டு வாரம் எழுதிக் குடுத்தா அது வேற, அதைப் போடணும். நாமளா வாங்கி வருஷம் பூராக் கொப்பளிக்கறதுதான் வம்பு. நல்ல கிருமியும் கெட்ட கிருமியும் ஒரே வாய்லதான் குடித்தனம் பண்ணுதுங்க, மவுத்வாஷுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு திருப்பம் இருக்கு. இதை டாக்டருங்களே சில நேரம் சொல்ல மறந்துடுறாங்க. பிரஷருக்கு நம்ம ஊர்ல ரொம்பச் சாதாரணமாக் குடுக்கற மாத்திரை அம்லோடிபின். நல்ல மாத்திரை, விலையும் குறைவு. ஆனா அந்த வகை மாத்திரைகளுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: சிலருக்கு ஈறு தடிச்சுப் பல்லு மேல ஏறி வளரும். நிஃபெடிபின்ல அது கூட, அம்லோடிபின்ல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு. ஈறு அப்படி வளந்தா பிரஷ் உள்ள போகாது, காரை சேரும், அழற்சி கூடும். காரை ஏற்கனவே இருந்தா வளர்ச்சி இன்னும் மோசமா இருக்கும். ஆக, பிரஷருக்குப் போட்ட மாத்திரை ஈறைக் கெடுத்து, கெட்ட ஈறு பிரஷரை ஏத்தி, ஏறுன பிரஷருக்கு அதே மாத்திரையை 5லிருந்து 10 ஆக்கின கதையும் நடக்க வழியிருக்கு. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிக் கடல்ல போட்டுடாதீங்க. ஈறு தடிச்சிருக்குன்னு டாக்டர்கிட்ட காட்டுங்க, அவரு வேற வகைக்கு மாத்தித் தருவாரு, அதுக்கு நிறைய மாத்திரை இருக்கு. ஆனா அவரு மாத்தணும்னா அவருக்குத் தெரியணும். தெரியணும்னா யாராவது வாயைப் பாத்திருக்கணும். பிரஷர் பாக்க வர்றவங்களைக் கையை நீட்டச் சொல்ற பழக்கம் இருக்கே தவிர, "ஆ" காட்டச் சொல்ற பழக்கம் இல்ல.

"எங்க போய்ப் பாக்கறது?"ங்கறதுதான் கடைசி மறுப்பு, அதுதான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமானதும்கூட. மாரியூர்ல இருந்து சாயல்குடியோ கடலாடியோ போகணும், பெரிய வேலைன்னா ராமநாதபுரம். 2022ல அங்க அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. 2023ல புதுக்கோட்டையில அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. அதெல்லாம் சரிதான், ஆனா உப்பளத்துல கூலிக்கு நிக்கற ஒரு பொம்பளைக்கு, வலியே இல்லாத ஈறுக்காக ஒரு நாளும் பஸ் காசும் செலவு பண்ணுன்னு சொல்றது லேசு, செய்யறது லேசில்ல. போனாலும் "சுத்தம் பண்ணினா பல்லு ஆடும்"னு பயம் வேற. (ஆடுறது சுத்தம் பண்ணினதால இல்ல. எலும்பு ஏற்கனவே கரைஞ்சிருக்கும், இத்தனை நாளாக் காரைதான் ஒட்டுப்போட்ட மாதிரி பிடிச்சு வச்சிருந்துச்சு. அதை எடுத்ததும் உண்மை தெரியுது.) அதனாலதான் எல்லாரும் பல் டாக்டர்கிட்ட ஓடுங்கன்னு நான் சொல்லலை. மாத்திரை குடுக்க வீட்டுக்கு வர்ற பணியாளர் கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி: விளக்கும்போது ரத்தம் வருதா, பல்லு ஏதாச்சும் ஆடுதா. மாத்திரை போட்டும் நம்பர் இறங்காதவங்க இதுல ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னா, அவங்க பேரை மட்டும் குறிச்சு அடுத்து மருத்துவக் குழு வரும்போது காட்டணும். ஊர்ல இருக்கற எல்லா வாயும் இல்ல, அந்தச் சில வாய் மட்டும். மருந்து வாங்குற செலவுல இது ஒரு மூலைக்குக்கூட வராது. வீட்டுல செய்யறதுக்கும் பெருசாக் காசு ஆகாது: மெத்துன்னு இருக்கற பிரஷ், ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை, ஈறும் பல்லும் சேர்ற கோட்டை விடாம. ரத்தம் வருதுன்னு அந்த இடத்தை விட்டுட்டு விளக்கறதுதான் எல்லாரும் செய்யறது, அங்கதான் கூடக் கவனம் வேணும்.

எதிர்த்திசையிலயும் ஒரு வழி திறந்திருக்கு. பிரஷர் வலிக்காது, பல்லு வலிக்கும். கடலுக்குப் போற ஆளு பிரஷர் பாக்கன்னு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டாரு, ஆனா கடவாய்ப் பல்லு ராத்திரி தூங்க விடலைன்னா காலையில முதல் பஸ்ஸுல சாயல்குடியில இறங்கிடுவாரு. பார்சிலோனாவுல 2021ல 500 பேரைப் பாத்தாங்க, பாதிப்பேருக்குக் கடுமையான ஈறு நோய், பாதிப்பேருக்கு ஈறு நல்லா இருந்துச்சு, நடு வயசு 35தான். மேல் அழுத்தம் 140ஐத் தாண்டினவங்க ஈறு கெட்டவங்கள்ல 14 சதவீதம், நல்லவங்கள்ல 7 சதவீதம். முப்பத்தஞ்சு வயசுல யாரு பிரஷர் பாத்துக்கறாங்க? அதனால பல் டாக்டர் நாற்காலியில உக்காந்த ஒவ்வொரு பெரியவங்களுக்கும் கையில பட்டையைச் சுத்தி ஒருதடவை பாத்துடணும். பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதும்தான், 180க்கு மேல நின்னா அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடுறதுதான் வழக்கம். ஒண்ணே ஒண்ணு: பல்வலியும் பல்லு குடையுற மிஷின் சத்தமும் யாருக்கும் பிரஷரை ஏத்திவிடும். அதனால அன்னைக்கு 150 காட்டினா உடனே சீட்டு எழுத வேணாம். வலி அடங்கி ஒரு வாரம் கழிச்சு, பத்து நிமிஷம் சும்மா உக்கார வச்சு, இன்னொரு தடவை பாக்கட்டும்.